சாம்பல் கழுவப் போன அக்கா

எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து வெளிநாடு போன பெண்களெல்லாம் அடுத்தவர் வீட்டுப் பாத்திரம் கழுவத்தான் போனார்கள். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் அடுத்தவர் வீட்டு அடுப்புச் சாம்பலைக் கழுவப் போனாள். அந்த அடுப்புக்காரர்கள் செத்து எத்தனையோ ஆயிரம் வருடம் ஆகியிருந்தது. சம்பளம் அவர்கள் கையால் வரவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

ஏஜென்ட் அவளை ஜோர்தானுக்கு வீட்டு வேலைக்கு அனுப்பினான். எசமானி ஒரு டொக்டர் என்று சொன்னான். ஊசி போடுகிற டொக்டர் என்று நம்பிப் போன அக்காவுக்கு, அந்த அம்மாள் மண்ணைத் தோண்டுகிற டொக்டர் என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. வருடத்தில் சில மாதம் அந்த அம்மாள் கூட்டாளிகளோடு பாலைவனத்தில் கூடாரம் போட்டுக் கிடப்பாளாம். சமைத்துப் போட அக்காவையும் கூட்டிக்கொண்டு போனாள். வேலைக்காரியின் கை சும்மா இருந்தால் எந்த எசமானிக்குப் பொறுக்கும்? ஒரு வாளித் தண்ணீரையும், ஆதிகால அடுப்பிலிருந்து அள்ளிய சாம்பல் மண்ணையும் கொடுத்துக் கழுவச் சொன்னாள். மண் அடியில் தங்கும், கரிந்த விதை மேலே மிதக்கும், அதைத் துணியில் வடித்துக் காயவைக்க வேண்டும். அந்த ஆட்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று அதை வைத்துக் கண்டுபிடிப்பார்களாம்.

"இங்க உசுரோட இருக்கிறவங்க என்னத்தத் திங்கிறாங்கனு கேக்க ஒரு நாதியில்ல" என்றாள் அம்மா, முதல் தடவை இதைக் கேட்டபோது.

மற்றவர்கள் வெளிநாட்டிலிருந்து திரும்பும்போது தங்கச் சங்கிலி, கம்பளி, பெரிய டிவி என்று கொண்டுவருவார்கள். அக்கா கொண்டுவந்தது ஒரு சின்ன பிரஷ்ஷும், எப்போதும் தரையைப் பார்த்தே நடக்கிற ஒரு பார்வையும். வந்து இறங்கிய வாரமே எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அவளுக்கு ஜோர்தான்காரி என்று பெயர் விழுந்துவிட்டது. பீலியில் தண்ணீர் பிடிக்க நிற்கிற பெண்களுக்கு அன்றிலிருந்து பொழுது போகாத கவலை இல்லை.

"சுத்தி மேடு" என்று ஆரம்பிப்பாள் அக்கா. "நடுவுல சோத்து வட்டில் மாதிரி பெரிய பள்ளம். இப்ப அங்க ஒரு புல்லு கூட இல்ல. ஆனா ஒரு காலத்துல அது ஏரி. யானை வந்து தண்ணி குடிச்சிருக்கு. கரையில மனுஷங்க குடிசை போட்டு இருந்திருக்காங்க. மழை நின்னதும் போயிட்டாங்க. திரும்ப மழை வந்ததும் திரும்ப வந்துட்டாங்க."

"நீங்க பாத்தீங்களாக்கா?"

"மண்ணு சொல்லுது. வெள்ளை தண்ணி, மஞ்சள் காத்து, கறுப்பு மனுஷன்."

இதுதான் அவளுடைய வேதம். பாலைவனத்தில் குழி வெட்டினால் சுவரில் கோடு கோடாக மண் தெரியுமாம். வெள்ளையாக இருந்தால் ஏரி கிடந்த காலம். மஞ்சளாக இருந்தால் வறண்டு போய்க் காற்று மணலை அள்ளிக் கொட்டிய காலம். கறுப்பாக இருந்தால் மனிதன் அடுப்பு மூட்டிய காலம். சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்தால் கூட சோறு, பருப்பு, கருவாடு என்று அடுக்கைப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பாள்.

மலையில் அடைமழை பிடித்தால் எங்களுக்குத் துணி காயாது, விறகு எரியாது, காலில் அட்டை ஏறும். அந்த நேரத்தில் அக்கா முன்வாசல் இஸ்தோப்பில் நின்றுகொண்டு, "அங்கயும் ஒரு காலத்துல இப்படித்தான் பெஞ்சுச்சு. கொஞ்சம் பொறுங்க, காஞ்சிரும்" என்பாள். அவளுடைய 'கொஞ்சம்' பத்தாயிரம் வருடம் என்பது எங்களுக்குத் தெரியும். ஈரப் பாவாடையை அடுப்புக்கு மேல் விரித்துக்கொண்டிருக்கும் அம்மா, "அதுவரைக்கும் இதக் கட்டிக்கிட்டு இரு புள்ள" என்று அந்தப் பாவாடையையே நீட்டுவாள்.

இத்தோடு நின்றிருந்தால் ஊர் அவளைக் கோயில் கட்டிக் கும்பிட்டிருக்காது என்றாலும், தொந்தரவு செய்திருக்காது. ஆனால் அக்கா படித்த படிப்பைப் பயன்படுத்தப் பாலைவனம் கைவசம் இல்லை. இருந்தது எங்கள் குப்பைதான். ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் சாம்பலும் குப்பையும் கொட்டுகிற மேடு இருக்கிறதே, ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு அவற்றைக் கிளற ஆரம்பித்தாள். எந்த வீட்டில் மீன் வாங்கினார்கள், எந்த வீட்டில் யார் வைத்தியம் பார்க்கிறார்கள், குடியை விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்த மருமகன் போத்தலை எங்கே போடுகிறான், எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. "ஆள் பொய் சொல்லும். குப்பை பொய் சொல்லாது" என்பாள். அவள் வந்த பிறகு எங்கள் லயத்தில் கடவுள் பயம் குறைந்து அக்கா பயம் கூடியது.

மாரியம்மன் திருவிழா வந்தது. தோட்டத்துச் சங்கத் தலைவர் காப்புக் கட்டி, மஞ்சள் வேட்டி உடுத்தி, கவிச்சி தொட்டவனுக்கு ஆத்தா கண்ணைப் பிடுங்குவாள் என்று ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் அக்கா அவர் வீட்டுச் சாம்பல் மேட்டில் குந்தியிருந்தாள். கையில் ஒரு கோழி எலும்பு. தலைவர் ஓடி வந்தார்.

"அது நாய் எங்கிருந்தோ இழுத்துக்கிட்டு வந்ததும்மா."

அக்கா எலும்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நாய் கடிச்சா பல்லுத் தடம் குழி குழியா இருக்கும். இது நேர்க்கோடு. கத்தி பட்டது. உங்க வீட்டு நாய் கத்தி புடிக்குமா தலைவரே?"

ஆத்தா யார் கண்ணையும் பிடுங்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தலைவர் வீட்டு எலும்புகள் பையில் கட்டப்பட்டு, பஸ் ஏறி, கொட்டகலைக் கடைவீதி வரை பயணம் போயின. நான் ஸ்டேஷன் பக்கம் ஓட்டோ ஓட்டுகிறவன், கண்ணால் பார்த்தேன். அக்காவிடம் சொல்லவில்லை. எல்லா உண்மையும் எல்லாருக்கும் தேவையா என்ன?

அவள் சொன்னதெல்லாம் சரி என்றும் நினைத்துவிட வேண்டாம். தேயிலை பக்டரிக்குக் கீழே தண்ணீர் ஓடக் கான் வெட்டும்போது பெரிய எலும்புக்கூடு ஒன்று வந்தது. அக்கா பிரஷ்ஷோடு போய் உட்கார்ந்துவிட்டாள். மூன்று சாயங்காலம் தூசி தட்டினாள். இப்போது உலகத்திலேயே இல்லாத ஒரு மிருகம் என்றாள், பல்லைப் பார்த்தாலே தெரிகிறது என்றாள், டொக்டர் மேடத்துக்குப் போட்டோ அனுப்பப் போகிறேன் என்றாள். கடைசியில் ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர் தடி ஊன்றி வந்து பார்த்துவிட்டு, அது முன்னொரு காலத்து வெள்ளைக்காரத் துரையின் நாய் என்றார். துரை அதற்குப் பெட்டி செய்து, கல் நட்டு, தொப்பியைக் கழற்றி நின்று அடக்கம் பண்ணினாராம். எங்கள் தோட்டத்தில் நிரந்தரமாக ஓர் இடம் கிடைத்த ஒரே உயிர் அந்த நாய்தான். கான் வெட்டியதில் அதற்கும் அந்த இடம் போய்விட்டது.

அக்கா வெட்கப்பட்டாளா? இல்லை. "டொக்டர் மேடமும் இப்படித் தப்பு பண்ணும். தப்புப் பண்ணாத்தான் படிச்சவங்க" என்றாள்.

நிரந்தர இடம் என்றேன் அல்லவா, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் லயம் ஒரு சரிவில் இருக்கிறது. அதில் கடைசி இரண்டு வீடு எங்களுடையதும் அக்காவுடையதும். வாசலில் நின்றால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். எங்களுக்கு அது குளிர்காற்று வருகிற வழி. வெள்ளைக்காரப் பயணிகளுக்கு அது காட்சியாம். காட்சிக்குப் பணம் கொடுப்பார்களாம். அந்த இடத்தில் மர வீடுகள் கட்டி வாடகைக்கு விடத் தோட்ட நிர்வாகம் முடிவு செய்தது. எங்கள் இரண்டு வீட்டிலும் இப்போது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிறவர்கள் யாரும் இல்லை. அம்மா ஓய்வு பெற்றுவிட்டாள், நான் ஓட்டோக்காரன், அக்கா சாம்பல்காரி. ஆகவே வெளியேறுங்கள் என்றார்கள். தலைமுறை தலைமுறையாக இருக்கிறோம் என்று எழுதிப் போட்டோம். அதை விசாரிக்கப் பிரதேச செயலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். யாழ்ப்பாணத்துப் பையன், புதுச் சப்பாத்து, எங்கள் சேற்றில் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்துக்கொண்டே வந்தார். இந்த வீடு போனால் நானும் அம்மாவும் போக வேறு இடம் இல்லை.

நிர்வாகத்தின் சார்பில் கண்டாக்கு ஐயா வந்திருந்தார். கொழுந்து மலையை மேற்பார்க்கிற உத்தியோகத்தர், இனிமையான மனிதர், சிரித்துக்கொண்டேதான் கழுத்தை அறுப்பார்.

"சேர், இந்தக் கடைசி ரெண்டு வீடும் முந்தி காலியாத்தான் கெடந்துச்சு. இவங்க பின்னாடி வந்து குந்திக்கிட்டாங்க. வேணும்னா தலைவரைக் கேளுங்க."

அதிகாரி தலைவரைப் பார்த்தார். எங்களுக்காகப் பேசுவதற்காகவே சந்தா வாங்குகிற தலைவர், அந்த நேரம் பார்த்து வானத்தில் ஒரு மேகத்தைக் கண்டு அதிலேயே மூழ்கிவிட்டார். கோழி எலும்புக்கு இப்படி ஒரு விலை இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அப்போதுதான் அக்கா முன்னால் வந்தாள். "சார், வாயில சொல்றத விடுங்க. அடுப்படிக்குப் பின்னால தோண்டிக் காட்டுறேன். எத்தன தலைமுறை அடுப்பு எரிஞ்சிருக்குனு மண்ணே சொல்லும்."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், அடக்கிக்கொண்டார். "சரி அக்கா, தோண்டுங்கோ பாப்பம்" என்றார்.

தோண்டுவது என்றால் அக்கா தோண்டுவாள் என்று நினைக்காதீர்கள். மண்வெட்டி என் கையில், பிரஷ் அவள் கையில். எங்கள் வீட்டுச் சாம்பல் மேட்டில் நேராக ஒரு குழி வெட்டினேன். சுவரைத் தட்டித் துடைத்தாள். உண்மையிலேயே கோடு கோடாகத் தெரிந்தது. மேலே சாம்பலோடு ஷாம்பு பாக்கெட், பழைய பெட்டரி. அதற்குக் கீழே மருந்துப் போத்தல் துண்டு, உடைந்த மண்சட்டி. எல்லாம் கறுப்பு. "கறுப்பு மனுஷன்" என்று அதிகாரிக்குப் பாடம் நடத்தினாள். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அதற்கும் கீழே சிவப்பு வந்தது. ஒரு சாண் உயரத்துக்குச் சுத்தமான சிவப்பு மண். சாம்பலின் சுவடே இல்லை.

அக்கா பிரஷ்ஷை நிறுத்தினாள். "இது மேட்டுலேருந்து மழைக்கு வழிஞ்சு வந்த மண்ணு. இந்தக் காலத்துல இங்க அடுப்பு எரியல. ஆள் இல்ல."

கண்டாக்கு ஐயாவின் முகத்தில் தீபாவளி. "பாத்தீங்களா சேர்? அவங்களே சொல்றாங்க. காலி."

நான் குழிக்குள்ளிருந்து அவள் காலைச் சுரண்டினேன். "அக்கா, கொஞ்சம் வாய மூடிக்கிட்டு இருங்க. நம்ம வீடு."

"மண்ணு சொல்றத மாத்திச் சொல்லக் கூடாது தம்பி. டொக்டர் மேடம் கொன்னுபோடும்."

கடல் தாண்டி இருக்கிற எசமானிக்குப் பயந்து, பக்கத்தில் நிற்கிற எங்களைத் தெருவில் விடத் துணிந்த அந்த நேர்மையை நான் என்னவென்று புகழ்வது? மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஏறிவிடலாமா என்றிருந்தது. "இன்னும் தோண்டு" என்றாள். கோபத்தோடு ஓங்கி வெட்டினேன். சிவப்புக்குக் கீழே மறுபடியும் கறுப்பு. மேலே பார்த்தது போல மெல்லிசாக இல்லை. தடிப்பாக, கரிக்கட்டை கரிக்கட்டையாக. நடுவில் உருகி உருண்ட கண்ணாடி, வளைந்த ஆணிகள்.

அக்காவுக்கு உயிர் திரும்பி வந்தது. "பாத்தீங்களா சார், அதுக்கு முன்னாடியும் ஆள் இருந்திருக்காங்க. இம்புட்டுக் கரினா பெரிய சமையல். கல்யாணமோ திருவிழாவோ, ஊருக்கே சோறு போட்டிருக்காங்க. பழைய பலகைய ஆணியோட போட்டு எரிச்சிருக்காங்க."

"அது சமையல் இல்ல."

அம்மா. பின்வாசலில் நின்றாள். கையில் பாதி அரிந்த கீரை இருந்தது.

"அது அடுப்பு இல்ல புள்ள. அது வீடு."

அம்மா கீரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

"தமிழாளுங்க வீடுனு கலவரத்துல கொளுத்துனாங்க. எனக்கு அப்பப் பேர் பதியாத வயசு. தேயிலைக்குள்ள படுத்துக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருந்தோம். கூரை அப்படியே உள்ள விழுந்துச்சு. அப்புறம் வேற தோட்டத்துல சொந்தக்காரங்க இஸ்தோப்புல கெடந்தோம். ரொம்ப நாள். திரும்பி வந்தப்ப எரிஞ்சதெல்லாம் மண்ணு மூடிக் கெடந்துச்சு. தோட்டத்துல அத விட்டு முன்னால தள்ளிக் கூரையப் போட்டுக் குடுத்தாங்க. எங்கம்மா முதல் நாள் அடுப்புச் சாம்பல அந்த மண்ணு மேலதான் கொட்டுனாங்க. காலியாக் கெடந்துச்சுனு ஐயா சொல்றாரு. ஆமாங்க, காலியாத்தான் கெடந்துச்சு."

கண்டாக்கு ஐயா தலைவர் பார்த்துக்கொண்டிருந்த அதே மேகத்தைத் தேட ஆரம்பித்தார். அந்த அதிகாரிப் பையன் தன் புதுச் சப்பாத்தோடு குழி ஓரச் சேற்றில் குந்தி உட்கார்ந்தார். ஓர் ஆணியை எடுத்துப் பார்த்தார்.

"அம்மா, எங்கட வீட்டு வளவுக்கயும் கிணத்தடியில தோண்டினா இந்தக் கறுப்பு வரும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு எழுந்து எழுதிக்கொண்டு போனார்.

அம்மா மேல் எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடம் அந்த வீட்டில் அவளோடு ஒரே பானையில் சாப்பிட்டிருக்கிறேன், ஒரு வார்த்தை சொன்னதில்லை. "ஏம்மா சொல்லல?" என்றேன்.

"சொன்னா எரிஞ்ச வீடு திரும்ப மொளைக்குமா? நீயும் பயந்து பயந்து தூங்குவ. அடுப்பு எரியணும்ல, நான் அதப் பாத்தேன்." கீரை அரிய உள்ளே போய்விட்டாள். எனக்கு அங்கேயே அழுகை வந்தது. குழிக்குள் நின்றதால் யாரும் பார்க்கவில்லை, அந்த மட்டில் தொல்பொருள் ஆராய்ச்சி நல்லது.

அக்கா மட்டும் குழிக்கரையிலேயே இருந்தாள். உள்ளதை உள்ளபடி படிப்பேன் என்று மார்தட்டியவள், எரிந்த வீட்டைக் கல்யாணச் சாப்பாடு என்று படித்துவிட்டாள். துரையின் நாயைப் போல இதைச் சிரித்துத் தள்ள அவளால் முடியவில்லை. அன்றிலிருந்து அவள் யார் வீட்டுக் குப்பையையும் கிளறவில்லை. தலைவர் வீட்டு எலும்புகள் பஸ் பயணத்தை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் பின்னாலேயே விழத் தொடங்கின.

சில மாதம் கழித்துக் கடிதம் வந்தது. மறு அறிவித்தல் வரும் வரை இரண்டு குடும்பமும் தற்காலிகமாகக் குடியிருக்கலாம் என்று முடிவாகியிருந்தது. கப்பலில் வந்து இறங்கிய முப்பாட்டன் காலத்திலிருந்து நாங்கள் தற்காலிகமாகத்தான் குடியிருக்கிறோம், ஆகவே பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. நான் வாசித்துக் காட்டியதும் அக்கா சிரித்தாள். சிரிப்பில் கசப்பு இருந்தது.

"அங்க பாலைவனத்துல அந்தக் காலத்துல எவனோ ஒருத்தன், போற வழியில ஒரு ராத்திரி தங்கி நெருப்பு மூட்டியிருக்கான் தம்பி. அவ்வளவுதான். அந்த எடத்துக்கு வேலி போட்டு, போர்டு வச்சு, இங்க மனுஷங்க குடியிருந்தாங்கனு எழுதியிருக்காங்க. தற்காலிகம்னு எழுதல."

டொக்டர் மேடம் மறுபடி கூப்பிட்டாள். போவதற்கு முதல் நாள் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு காகிதப் பொட்டலம். குழியிலிருந்து எடுத்த ஆணி ஒன்றைக் கழுவி, பிரஷ்ஷால் துலக்கி, காயவைத்து மடித்திருந்தாள். ஆதிகாலத்து விதையை எப்படி மடிப்பாளோ அப்படி. "சின்னம்மா, இது உங்களோடது" என்று அம்மாவிடம் நீட்டினாள். மன்னிப்புக் கேட்க அவளுக்குத் தெரிந்த வழி அதுதான்.

அம்மா அதை வாங்கிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு பின்பக்கம் போய், இன்னும் மூடாமல் கிடந்த குழிக்குள் போட்டாள். அடுப்படியிலிருந்து அன்றைய சாம்பலை முறத்தில் அள்ளிக்கொண்டு வந்து அதன் மேல் கொட்டினாள்.

"அங்கயே கெடக்கட்டும். அடுத்தாப்புல தோண்டுறவளாவது அதக் கல்யாணச் சமையல்னு சொல்லாம இருக்கட்டும்."